எழுதாத அறிவுக்குச் சாட்சி யார்? மஞ்சளும் வேப்பெண்ணெயும் சந்தித்த காப்புரிமை வழக்குகள்



பினாங்கு ஜார்ஜ் டவுனில் உள்ள சூலியா தெரு, தமிழர் கடல் கடந்து வாணிகம் செய்ததற்கு இன்றும் நின்று சான்று பகரும் தெருவாகும். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறித்த பெயரே இத்தெருவுக்கு நிலைத்தது. 1786ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இத்தீவில் குடியேற்றம் அமைத்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே அவ்வணிகர்கள் இங்கே வேரூன்றிவிட்டனர். 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் முனையில் உள்ள நாகூர் தர்காவும் அந்த வரலாற்றின் கல்லெழுத்துகள் எனலாம். 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் ஜார்ஜ் டவுன் இடம்பெற்றபோது இப்பகுதியும் அதனுள் அடங்கியது.

கப்பலில் வந்த துணி மூட்டைகளுக்குக் கணக்கு இருந்தது, வரியும் இருந்தது. ஆனால், அதே கப்பலில் கணக்கில் வராத ஒரு சரக்கும் வந்தது. புண்ணுக்கு மஞ்சளைக் குழைத்துப் பூசுவது, வறண்ட தோலுக்கு எண்ணெய் தேய்ப்பது, சொறி சிரங்குக்கு வேப்பெண்ணெய் தடவுவது போன்ற வீட்டறிவே அது. அதற்குப் பட்டியல் எழுதியவர் எவருமில்லை. தாய் மகளுக்குச் சொன்னாள். மகள் தன் பிள்ளைக்குச் செய்தாள். அவ்வளவே.

எழுதப்படாத இந்த அறிவு, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அயல்நாட்டு அலுவலகங்களில் விசாரணைக்கு வந்தது. "இது முன்பே தெரிந்ததா? அப்படியானால் சான்று எங்கே?" என்பதே அங்கு எழுந்த கேள்வி. நம் மேடைப் பேச்சுகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் இவ்வழக்குகளின் உண்மை வரலாற்றை நாம் சரியாக அறிந்து கொள்வது நல்லது. நாம் சொல்வதைத்தானே மாணவர்கள் நம்புகிறார்கள்!

தோலும் எண்ணெயும்

வழக்குக்குள் புகுமுன் அறிவியலைச் சிறிது பார்ப்போம். நம் தோலின் மேலடுக்கை அறிஞர்கள் செங்கற்சுவருக்கு ஒப்பிடுவர். இறந்த உயிரணுக்கள் செங்கற்கள். அவற்றிடையே சாந்துபோல் நிறைந்திருப்பவை லிப்பிட் எனப்படும் கொழுமியங்கள். செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் அச்சாந்தின் முக்கியக் கூறுகள். சாந்து பெயர்ந்தால் சுவர் ஒழுகும். அதுபோலவே கொழுமியம் குறைந்தால் உடலின் ஈரம் ஆவியாகித் தோல் வறண்டு வெடிக்கும். எண்ணெய் தேய்க்கும்போது அந்த ஈரம் வெளியேறுவது தடைப்படுகிறது.

1990களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் எலையஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் இதில் நுட்பமான உண்மை ஒன்றைக் காட்டினர். மேற்சொன்ன மூன்று கொழுமியங்களையும் உரிய விகிதத்தில் கலந்து பூசினால் பழுதுற்ற தோல் விரைவாகச் சீராகிறது. அவற்றுள் ஒன்றையோ இரண்டையோ மட்டும் பூசினால் சீராவது தாமதமாகிறது என்பதே அவ்வுண்மை. அக்கலவைகளுக்குக் காப்புரிமையும் பெறப்பட்டது. இதை எந்தப் பாட்டியும் முன்பு சொல்லியிருக்க இயலாது. செராமைடைப் பிரித்தறிய ஆய்வுக்கூடம் வேண்டும். ஆகவே, தோலுக்குப் பூசும் பொருள்மீது வழங்கப்படும் காப்புரிமை ஒவ்வொன்றும் களவு என்று கருதுவது தவறு. எது புதியது, எது பழையது என்று பிரித்தறிவதில்தான் சிக்கல் எழுகிறது.

காப்புரிமை என்றால் என்ன?

நம்மிடையே 'காப்புரிமை' என்ற சொல், நூலாசிரியருக்குரிய பதிப்புரிமையையும் சேர்த்துக் குறிப்பதாக வழங்கி வருகிறது. இக்கட்டுரையில் அது கண்டுபிடிப்பாளருக்குரிய உரிமையை மட்டுமே குறிக்கும். ஒருவர் தம் கண்டுபிடிப்பை மறைக்காமல் உலகறிய எழுதித் தந்தால், பொதுவாக இருபது ஆண்டுகளுக்குப் பிறர் அதனை வணிக நோக்கில் பயன்படுத்தாதவாறு தடுக்கும் உரிமையை அரசு அவருக்கு அளிக்கிறது. இதற்கு மூன்று தகுதிகள் வேண்டும். கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். அத்துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றிவிடாததாக இருக்க வேண்டும். தொழிலுக்குப் பயன்பட வேண்டும்.

மற்றொன்றையும் மனத்திற் கொள்ள வேண்டும். ஒரு நாடு வழங்கும் காப்புரிமை அந்நாட்டு எல்லைக்குள் மட்டுமே செல்லும். அமெரிக்கா வழங்கிய மஞ்சள் காப்புரிமையால் பினாங்கிலோ பெனாகாவிலோ ஒருவர் மஞ்சள் பூசுவதைத் தடுத்திருக்க முடியாது. "நம் வீட்டு மஞ்சளுக்கு அமெரிக்காவுக்குப் பணம் கட்ட வேண்டிய நிலை வந்தது" என்று மேடைகளில் முழங்குவது உணர்ச்சிக்கு உதவலாம், உண்மைக்கு உதவாது. அப்படியானால் கவலை எதற்கு? அந்நாட்டுச் சந்தையில் அப்பொருளை அந்நோக்கத்துக்காக விற்கும் வாய்ப்பு நம்மவருக்கு அடைபடும். பொதுவில் இருந்த அறிவுக்குப் புதிதாக ஒருவர் உரிமையாளர் ஆகிவிடுவார். கவலைக்கு உரியவை இவ்விரண்டுமே.

மஞ்சள் வழக்கு

1995ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள், அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 5,401,504 என்ற எண்ணுடைய காப்புரிமையை வழங்கியது. மஞ்சளைப் பயன்படுத்திப் புண்களை ஆற்றும் முறை அதன் பொருள். உரிமை பெற்றது மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம். கண்டுபிடிப்பாளர்களாகப் பெயர் பதிந்த இருவரும் இந்திய வம்சாவளியினர் என்பது குறிப்பிடத்தக்கது. எனவே, இதனை 'அவர்கள், நாம்' என்று பிரித்துப் பேசுவதும் முழு உண்மையாகாது.

இந்திய அரசின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம், அப்போதைய தலைமை இயக்குநர் ஆர். ஏ. மஷேல்கர் முனைப்பில் 1996ஆம் ஆண்டு அக்டோபரில் மறு ஆய்வு கோரியது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பது இந்தியாவில் குழந்தைக்கும் தெரியும். ஆனால், 'குழந்தைக்கும் தெரியும்' என்பது அந்த அலுவலகத்தில் சான்றாகாது. ஆகவே, மன்றம் நூலகங்களைத் துருவியது. சமஸ்கிருதம், உருது, இந்தி முதலிய மொழிகளிலிருந்து 32 மேற்கோள்கள் திரட்டப்பட்டன. அவற்றுள், இந்திய மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் 1953இல் வெளிவந்த கட்டுரையும் ஒன்று.

எதிர்த்தரப்பு எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. தூளும் குழைவும் உடலில் சேரும் தன்மையில் வேறுபட்டவை. குழைவாகப் பூசியது தெரிந்திருந்தாலும் தூளுக்கும் அதே பயன் உண்டு என்று எவரும் உறுதியாக எதிர்பார்த்திருக்க முடியாது என்று அவர்கள் வாதிட்டனர். மஞ்சளை எண்ணெயிலோ தேனிலோ குழைத்துப் பூசுவதற்கும் தூளாகத் தூவுவதற்கும் நம் சமையலறையில் வேறுபாடு இல்லாமல் இருக்கலாம். காப்புரிமைச் சட்டத்தின் கண்ணில் அந்த வேறுபாடே ஒரு புதுமையாகிவிடக் கூடும். எனினும் அவ்வாதம் எடுபடவில்லை. 1997ஆம் ஆண்டு ஆகஸ்டில் கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டன. 1998இல் நீக்கச் சான்றிதழ் வெளியாயிற்று. வளரும் நாடொன்று தன் மரபறிவை முன்வைத்து அமெரிக்கக் காப்புரிமை ஒன்றை வீழ்த்தியது அதுவே முதன்முறை என்று பரவலாகப் போற்றப்பட்டது.

வேப்பெண்ணெய் வழக்கு

இரண்டாம் வழக்கு ஐரோப்பாவில் நடந்தது. அது தோலைப் பற்றியதன்று, பயிரைப் பற்றியது. ஆயினும் வழக்கின் பொருளாக அமைந்தது, நாம் தோலில் தடவும் அதே வேப்பெண்ணெய்தான். எண்ணெய்க் கலவை ஒன்றைப் 'புதியது' என்று சொல்வதற்கு எல்லை எது என்பதை இவ்வழக்கைப்போல் விளக்குவது வேறில்லை.

அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் என்ற நிறுவனத்துக்கும் 1994ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பியக் காப்புரிமை ஒன்று வழங்கப்பட்டது. வேப்ப விதையிலிருந்து கரைப்பான் கொண்டு பிரித்தெடுத்த எண்ணெயை, நீரும் எண்ணெயும் கலக்க உதவும் பொருளோடு சேர்த்துத் தெளித்துப் பயிரில் பூஞ்சையை ஒழிப்பது அதன் முறை. கலவையில் வேப்பெண்ணெயின் அளவு 0.1 முதல் 10 விழுக்காடு வரை எனக் குறிக்கப்பட்டிருந்தது. ஆகவே, வேப்ப மரத்துக்கே காப்புரிமை கொடுத்துவிட்டார்கள் என்பது மிகை. கொடுக்கப்பட்டது ஒரு முறைக்கு. அம்முறை உண்மையிலேயே புதியதா என்பதுதான் கேள்வி.

1995ஆம் ஆண்டில் மூன்று தரப்பினர் இணைந்து எதிர்ப்பு மனு அளித்தனர். இந்தியச் சூழலியல் செயற்பாட்டாளர் வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றப் பசுமைக் கட்சி உறுப்பினராயிருந்த மக்தா ஆல்வூட், இயற்கை வேளாண்மை இயக்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஆகியோரே அவர்கள். வழக்கின் திருப்பம், இந்தியாவிலிருந்து ஜெர்மனியின் மியூனிக் நகருக்குச் சாட்சி சொல்லச் சென்ற அபய் பட்கே என்ற தொழில்முனைவரால் அமைந்தது. 1985, 1986ஆம் ஆண்டுகளின் கோடைக் காலத்தில் மகாராட்டிர மாநிலத்தின் புணே, சாங்லி மாவட்டங்களில் உழவர்கள் முன்னிலையில் அத்தகைய வேப்ப எண்ணெய்ச் சாற்றைப் பயிரில் தெளித்துச் சோதித்ததை அவர் எடுத்துரைத்தார். பழம்பெரும் ஏட்டைக் காட்டிலும், வயலில் நடந்த வேலையைக் கண்டறிந்த ஒருவரின் சொல் அங்கே வலிமை பெற்றது.

2000ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அந்தக் காப்புரிமையை நீக்கியது. மேல்முறையீடும் 2005ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் தள்ளுபடியானது. மனு அளித்ததிலிருந்து இறுதித் தீர்ப்பு வரை ஏறத்தாழப் பத்து ஆண்டுகள்! வேம்பு தொடர்பான பிற காப்புரிமைகள் யாவும் இத்தோடு ஒழிந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனி வழக்கு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சான்று.

இரு வழக்கு, இரு வகைச் சான்று

இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு பெரும் பாடம் புலப்படும். ஒன்றில் ஏடு வென்றது. மற்றொன்றில் நேர்ச்சாட்சி வென்றது. இது தற்செயல் அன்று.

அக்கால அமெரிக்கச் சட்டம், அயல்நாட்டில் மக்கள் ஒன்றை அறிந்து பயன்படுத்தி வந்தார்கள் என்பதை மட்டும் கொண்டு ஒரு காப்புரிமையை மறுக்கவில்லை. அயல்நாட்டு அறிவு அச்சில் வந்திருக்க வேண்டும். அல்லது அங்கே காப்புரிமை பெற்றிருக்க வேண்டும். அமெரிக்காவுக்குள் வழங்கிய வாய்மொழியறிவுக்கு இருந்த மதிப்பு, அயலகத்து வாய்மொழியறிவுக்கு இல்லை. 2011இல் இயற்றப்பட்டு 2013ஆம் ஆண்டு மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தமே இந்த வேறுபாட்டை நீக்கியது. ஐரோப்பியச் சட்டமோ, எழுத்தாலும் பேச்சாலும் பயன்பாட்டாலும் உலகில் எங்கு வெளிப்பட்டாலும் அது பழைய அறிவே என்று கொள்கிறது. அதனால்தான் வயலில் நின்ற மனிதரின் சொல்லுக்கு மியூனிக்கில் இடமிருந்தது. நம் மலேசியாவின் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமும் இத்தகைய பரந்த பொருளிலேயே முன்பு வெளிப்பட்ட அறிவை வரையறுக்கிறது.

ஆயினும், சட்டம் வாய்மொழிக்கு இடம் தந்தாலும் அதை மெய்ப்பிப்பது கடினம். எந்த ஆண்டு, எந்த ஊர், என்ன அளவு, யார் கண்டார்கள் என்ற கேள்விகளுக்கு விடை வேண்டும். "காலங்காலமாக" என்ற நம் இனிய சொல்லில் ஆண்டு இல்லை. அபய் பட்கே வென்றது அவரிடம் ஆண்டும் ஊரும் இருந்தமையால்தான்.

தமிழ் ஏடுகளுக்கு வந்த வாய்ப்பு

மஞ்சள் வழக்கில் பட்ட பாட்டின் விளைவாக, இந்தியா 2001ஆம் ஆண்டில் மரபறிவு மின்னூலகம் ஒன்றைத் தொடங்கியது. காப்புரிமை ஆய்வாளர்களுக்குச் சமஸ்கிருதமும் தமிழும் தெரியாது. அவர்கள் தேடும் இடத்தில் நம் நூல்கள் இல்லை. எனவே ஆயுர்வேதம், யுனானி, சித்தம் முதலிய மருத்துவ முறைகளின் நூல்களிலுள்ள முறைகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் தேடத்தக்க வடிவில் பதியப்பட்டன. மூல மொழிகளுள் தமிழும் ஒன்று. சித்தர் பாடலில் புதைந்துள்ள ஒரு தைலத்தின் செய்முறையைப் பொருள் பிறழாமல் எடுத்துரைக்க, பழந்தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். அவர் இல்லையெனில் அந்த ஏடு இருந்தும் இல்லாததே.

2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்துக்கு இம்மின்னூலகத்தைப் பார்வையிடும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. அவ்வாண்டே அதன் பயன் தெரிந்தது. தோலில் தோன்றும் வெண்புள்ளிகளுக்கு முலாம்பழச் சாற்றைப் பயன்படுத்தும் முறைக்கு வழங்கப்படவிருந்த காப்புரிமை, மின்னூலகச் சான்றுகளுக்குப் பின் நிறுத்தப்பட்டது. வேம்புக்குப் பத்தாண்டுகள், முலாம்பழத்துக்குச் சில மாதங்கள். எழுதி வைத்தலின் வலிமைக்கு இதனினும் வேறு விளக்கம் வேண்டுமோ?

இருப்பினும் மின்னூலகத்தால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று மகிழ்வதற்கில்லை. எழுதி வெளியிட்டால் பிறர் காப்புரிமை பெறுவதைத் தடுக்கலாம். ஆனால், அதனால் அந்த அறிவைக் காத்து வந்த சமூகத்துக்கு ஒரு வெள்ளியும் வருவதில்லை. இக்குறையைக் கருதி, 2024ஆம் ஆண்டு மே மாதம் ஜெனீவாவில் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் உறுப்பு நாடுகள் ஓர் ஒப்பந்தத்தை ஏற்றன. மரபணு வளத்தையோ அதனோடு சேர்ந்த மரபறிவையோ அடிப்படையாகக் கொண்டு காப்புரிமை கோருவோர், அதன் மூலத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று அது கூறுகிறது. இதற்கான முன்மொழிவைக் கொலம்பியா வைத்தது 1999இல். ஒப்பந்தம் எட்டியது கால் நூற்றாண்டுக்குப் பின்.

மரபு என்பதால் மட்டும் மருந்தாகிவிடுமா?

பெற்றோர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காப்புரிமை வழக்கில் நாம் வென்றோம் என்பதற்கு, அம்மருந்து எல்லா நிலையிலும் நன்று என்று பொருளில்லை. 'இது பழையது' என்பதை மட்டுமே அத்தீர்ப்புகள் கூறின. 1981ஆம் ஆண்டிலேயே மலேசிய மருத்துவர்கள் இருவர் 'லான்செட்' இதழில் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டனர்: குழந்தைகளுக்கு வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுத்தது நஞ்சாகி, மூளையையும் கல்லீரலையும் தாக்கியது. மறுபுறம், 2005இல் அதே இதழில் வெளிவந்த ஆய்வொன்று, டாக்கா மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளின் தோலில் சூரியகாந்தி எண்ணெய் தடவியதால் நோய்த்தொற்று குறைந்ததைக் காட்டியது. எண்ணெய் ஒன்று காக்கும், ஒன்று கெடுக்கும். எதை, எவருக்கு, எவ்வளவு என்பதை ஆராய்ந்தே அறிய வேண்டும். மரபைப் போற்றுவோர் ஆய்வுக்கு அஞ்சலாகாது.

நம் பள்ளியில் என்ன செய்யலாம்?

பினாங்கு, தமிழ் அச்சுக்குப் புதிய ஊரன்று. 1883ஆம் ஆண்டிலேயே நாகூரில் பிறந்த குலாம் காதிறு நாவலர் இங்கே 'வித்தியா விசாரிணி' என்ற இதழை நடத்தினார். இதழ் என்றால் அதில் நாள் இருக்கும், ஊர் இருக்கும், பெயர் இருக்கும். இம்மூன்றையும் சேர்த்து எழுதும் பழக்கத்தையே நாம் மாணவர்க்குக் கற்பிக்க வேண்டும். கட்டுரைப் பயிற்சியாகவோ, அறிவியல் செயல்திட்டமாகவோ பின்வருவனவற்றைச் செய்து பார்க்கலாம்.

1. தாத்தா பாட்டியிடம் ஒரே ஒரு வீட்டு வைத்திய முறையைக் கேட்டு எழுதச் சொல்லலாம். சொன்னவர், ஊர், யாரிடம் கற்றார், கேட்ட நாள் ஆகியவை கட்டாயம் இடம்பெற வேண்டும்.

2. 'கொஞ்சம்', 'ஒரு கை' என்பவற்றோடு நிறுத்தாமல், அதனைத் தேக்கரண்டியிலோ கிராமிலோ அளந்து எழுதப் பழக்கலாம்.

3. சொன்னவரின் சொல்லை மாற்றாமல் எழுத வேண்டும். அவர் 'வேப்பெண்ணை' என்றால் அவ்வாறே எழுதி, அருகில் செந்தமிழ் வடிவத்தைத் தரலாம்.

4. எழுதியதை வெளியிடுமுன் சொன்னவரின் இசைவைப் பெற வேண்டும். குடும்பத்தொழில் மறைபொருளாக இருப்பின் அதனை வெளியிடாதிருப்பதே முறை. மாணவர் எவரும் அம்முறைகளைத் தம் உடலில் சோதித்துப் பார்க்கவும் கூடாது.

இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப் பொழுதும் போதும். ஆனால், காலம் தாழ்த்த இயலாது. மஞ்சள் வழக்கில் கைகொடுத்த 1953ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அது ஒரு வழக்கில் சான்றாகும் என்று எண்ணியிருக்க மாட்டார். அவர் தம் வேலையை ஒழுங்காக எழுதி வைத்தார், அவ்வளவுதான். நம் பாட்டிமார் எழுதவில்லை. அவர்களுள் பலருக்கு எழுதக் கற்பிக்கப்படவே இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு நாம் எழுதக் கற்பித்திருக்கிறோம். அவர்கள் கேட்டு எழுத வேண்டும். அதற்கு நாம் அவர்களைத் தூண்ட வேண்டும்.